அடுப்புள்ள அறை

மலாக்கா
2 ஆகஸ்ட் 2025, சனி

அண்ணா,

செவ்வாய்க்கிழமை நீ போனை வைத்த பிறகு நான் அனுப்பிய ஏழு செய்திகளையும் படித்துவிட்டாய். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டால் இருவரும் கத்துவோம், அம்மா காதில் விழும். அதனால் கடிதம். போஸ் லாஜு கூரியரில் போட்டால் மூன்று நாளில் பிந்துலு போய்ச் சேரும் என்றார்கள். இதை நீ பாதியில் துண்டிக்க முடியாது என்பது எனக்கு ஒரு வசதி.

நீ கேட்டது ஒரே கேள்வி. “நான் புக் பண்ண ஹோட்டல்லருந்து அம்மாவ யாரக் கேட்டு வெளிய கொண்டு போன?” யாரையும் கேட்கவில்லை. அம்மாவை மட்டும் கேட்டேன்.

சிம்பாங் அம்பாட் வீட்டிலிருந்து அம்மா தினமும் காலை ஏழரைக்கு மருத்துவமனைக்கு வந்து போக முடியாது, தெங்கேராவில் நான் இருக்கும் அறையில் வீட்டுக்காரர் வேறு ஆளைத் தங்க விடமாட்டார் என்று சொன்னபோது, நீ ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் அம்மா அறை சுத்தம் செய்த அதே ஹோட்டலில், அம்மாவை விருந்தாளியாகத் தங்க வைத்தாய். அந்த மனசை நான் ஒரு நாளும் குறைவாக நினைத்ததில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துபோகும்.

இனி நீ பார்க்காத மூன்று வாரம்.

அம்மாவின் வாய்ப் புற்றுக்குக் கதிர் வைக்கும்போது போடும் முகமூடியைப் பற்றி உனக்குப் போனில் சொன்னது சரியாகப் புரிந்ததா தெரியவில்லை. அம்மாவின் முகத்துக்கென்றே அச்சு எடுத்துச் செய்தது, வலை மாதிரி இருக்கும். சனி ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும் அதை முகத்தில் பொருத்தி, தலை அசையாதபடி மேசையோடு பூட்டிவிடுவார்கள். அதன் மேல் போட்ட குறிகளை வைத்துத்தான் வாயில் எங்கே கதிர் விழ வேண்டும் என்று கணக்கு. முகம் மெலிந்தால் முகமூடி தளரும். தளர்ந்தால் புது அச்சு, புதுக் கணக்கு, அதுவரை சிகிச்சை நிற்கும். “முப்பத்து மூணு நாளும் விடாம போகணும். நடுவுல நின்னா நோய்க்குத்தான் லாபம்” என்று டாக்டர் முதல் நாளே சொன்னார்.

ஆரம்பித்தபோது அம்மா ஐம்பத்திரண்டு கிலோ. பதினைந்தாம் நாள், ஜூலை இருபத்தைந்து, நாற்பத்தேழு புள்ளி நான்கு. டாக்டர் முகமூடிக்கும் கன்னத்துக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். ஒரு விரல் போனது. இன்னும் ஒரு கிலோ குறைந்தால் புது அச்சுதான் என்றார்.

நோய்தான் இளைக்க வைக்கிறது என்று நானும் நினைத்தேன். அன்று அம்மாவை அறையில் விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பியவள், மருத்துவமனை பைலை மறந்துவிட்டுத் திரும்பிப் போனேன். கதவைத் திறந்தால் அம்மா குளியலறையில் மண்டியிட்டு, முகம் துடைக்கும் துண்டால் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கட்டில் விரிப்பு ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துச் செருகியிருக்கிறது. குப்பைக் கூடையில் குப்பை இல்லை. நான் கத்திவிட்டேன். அம்மாவுக்கு அப்போதே பேச முடியாது, நாக்கெல்லாம் புண். எழுதிக் காட்டும் நோட்டை எடுத்தார்.

“இந்தப் பிள்ளைங்க நான் வேல கத்துக்குடுத்த பிள்ளைங்க. நான் சாஞ்சுக்கிட்டு இருப்பேன், அதுங்க என் முன்னால குனியுமா?”

உன்னிடம் வீடியோ காலில் தலையை ஆட்டி, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாரே, அதெல்லாம் இந்த வேலைக்கு நடுவில்.

சாப்பாடும் அப்படித்தான். அறையில் இருந்தது தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில் மட்டும். ஹோட்டல் கஞ்சி நல்ல கஞ்சி, ஆனால் இஞ்சியும் மிளகும் போட்டுக் கொதிக்கக் கொதிக்க வரும். புண் வாய்க்கு அது நெருப்பு. அம்மாவுக்கு வேண்டியது இரண்டு மணிக்கு ஒரு தரம், அரை டம்ளர், வடிகட்டியது, வெதுவெதுப்பாக. எந்த ஹோட்டலும் அப்படிக் கொடுக்காது. அது அவர்கள் குறையும் இல்லை.

சர்வீஸ் அபார்ட்மென்ட் பார்க்கலாமா என்று கேட்டேன். அம்மா உடனே செருப்பை மாட்டிக்கொண்டார். அன்று மாலையே மூன்று இடம் பார்த்தோம். அண்ணா, நீ அங்கே இருந்திருக்க வேண்டும். நான் ஜன்னலைத் திறந்து வெளியே தெரிவதைப் பார்ப்பேன். அம்மா மெத்தையைத் தூக்கி அடியில் பார்ப்பார். தலையணையை முகர்வார். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே கதவைத் திறந்து, குழாய் வளைவில் விரலை வைத்து ஈரம் பார்ப்பார். முதல் இடத்தில் இரண்டே நிமிடம். “சனி ஞாயிறு ஆளுங்க இடம். பெட்டி இழுக்கிற சத்தம் தூங்க விடாது” என்று எழுதினார். லிப்ட் பக்கத்துச் சுவரெல்லாம் பெட்டிச் சக்கரம் உரசிய கறுப்புக் கோடு, அதைக் காட்டினார். நான் அதைப் பார்க்கவே இல்லை. இரண்டாவது இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. தினமும் ஆள் வந்து சுத்தம் செய்வார்கள் என்றதும் அம்மா வெளியே வந்துவிட்டார்.

மூன்றாவது இடத்தில் வராந்தாவில் நடக்கும்போதே அம்மாவின் நடை மெதுவானது. ஒவ்வொரு கதவுக்கு வெளியேயும் செருப்பு. ஒரு வீட்டு வாசலில் குடை காய்ந்தது. இன்னொரு கதவுக்குப் பின்னால் யாரோ தாளித்தார்கள். உள்ளே இரண்டு மின் அடுப்பு, துணி துவைக்கும் மெஷின், திறக்கக்கூடிய சமையலறை ஜன்னல், மூலையில் ஒரு துடைப்பம். வாரத்துக்கு ஒரு நாள்தான் சுத்தம் செய்ய வருவார்கள். அம்மா துடைப்பத்தைக் கையில் எடுத்து, நுனியைப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்தார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. மறுநாள் சனிக்கிழமை மாறிவிட்டோம்.

“ஆடி மாசத்துல யாராச்சும் வீடு மாறுவாங்களா” என்று நீ கேட்டதற்கும் அம்மாவிடம் பதில் இருக்கிறது. முதல் நாள் நான் பால் காய்ச்சப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டு எழுதினார்: “பால் காய்ச்சினா வீடு ஆயிடும். வீடு ஆயிட்டா ஆடியில மாறினதா ஆயிடும். கஞ்சி காய்ச்சு. ரூம் மாறினதா இருக்கட்டும்.”

நீ அம்மாவுக்குக் கடல் பக்கம் அறை மாற்றித் தரச் சொல்லி ஹோட்டலுக்குக் கூப்பிட்டிருக்கிறாய். அறை காலியாகிவிட்டது என்று அவர்கள் சொல்லித்தான் உனக்குத் தெரிந்தது. நானே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ தடுத்துவிடுவாய் என்று பயந்தேன்.

நேற்று எடை நாற்பத்தேழு புள்ளி மூன்று.

தேவிஸ்ரீ


பிந்துலு
6.8.2025

தேவி,

கை வலிக்க தமிழ்ல கடைசியா எழுதினது ஆறாம் வகுப்பு பரீட்சையில. தப்பு இருந்தா சிவப்பு மை போடாத லா. பவானேஸ்வரிகிட்ட ரெண்டு எழுத்து கேட்டேன், அவ பொண்டாட்டிங்கிற மரியாதைக்கு சிரிக்காம சொல்லிக் குடுத்தா.

மூணு பக்கம் எழுதியிருக்க. ஒரு எடத்துல கூட சாரி இல்ல. “நானே சொல்லியிருக்க வேண்டும்”, அது சாரி இல்ல, அது கட்டுரை.

நீ எப்பவும் இப்படித்தான். உள்ளுக்குள்ளயே யோசிச்சு உள்ளுக்குள்ளயே முடிவு பண்ணி, எல்லாம் முடிஞ்ச பிறகு வெளிய வந்து சொல்லுவ. யூனிவர்சிட்டிய விட்டது எனக்கு எப்ப தெரியும்? மூணு மாசம் கழிச்சு. லைப்ரரியில வேலைக்கு சேர்ந்தது? யூனிபார்ம் போட்டோ பார்த்து. நான் யாரு, பேங்க் ஏ.டி.எம்-ஆ? காசு மட்டும் வரணும், பேச்சு வரக்கூடாது.

உனக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். அம்மாவும் சொல்லியிருக்க மாட்டாங்க. எனக்கு முதல் சம்பளம் வந்தப்ப அம்மாவ அந்த ஹோட்டல் ரெஸ்டாரண்டுக்கு சாப்பிட கூட்டிட்டுப் போனேன். அன்னைக்கு அம்மாவுக்கு லீவு. நல்ல சேலை கட்டி, பூ வச்சு வந்தாங்க. கார நிறுத்திட்டு நான் லாபிக்கு வந்து நிக்கிறேன். இருபது நிமிஷம். அம்மாவக் காணோம். போன் எடுக்கல. பயந்துட்டேன். கடைசியில பார்த்தா கிட்சன் கதவு பக்கம் நிக்கிறாங்க. பின்பக்கமா சுத்தி, துணி லாரி நிக்கிற வழியா, ஸ்டாஃப் கேட்டுல கார்டு இல்லாம செக்யூரிட்டிகிட்ட பேசி உள்ள வந்திருக்காங்க. “கால் தானா போயிடுச்சுப்பா”ன்னு சிரிக்கிறாங்க. எனக்கு சாப்பாடு இறங்கல.

அன்னைக்கு நினைச்சேன், ஒரு நாள் இந்த அம்மா முன்வாசல் வழியா உள்ள போகணும், ஒரு நாள் இல்ல, தினமும் போகணும், பழகணும். நாப்பத்தாறு நாள் புக் பண்ணேன். நீ இருபது நாள்லயே எடுத்துட்டுப் போயிட்ட.

இன்னொண்ணு. அடுப்பு அடுப்புன்னு எழுதியிருக்க. அடுப்பு இருந்தா அம்மா சமைப்பாங்க. சமைச்சா கழுவுவாங்க. துடைப்பம் இருந்தா கூட்டுவாங்க. ஹோட்டல்ல வேல செஞ்சாங்கன்னு வெளிய கொண்டு வந்து, இன்னும் வேல அதிகமா இருக்கற எடத்துல வச்சிருக்க. நீ வேலைக்குப் போற நேரம் அம்மா மயக்கம் போட்டு விழுந்தா யாரு வருவா? ஹோட்டல்ல பெல் அடிச்சா ஆள் வரும். அங்க யாரு?

இங்க ஷட்டவுன். மொத்த ஆலையையும் நிறுத்தி வச்சு பைப் பைப்பா கழட்டிக்கிட்டு இருக்கோம். இருபத்தொண்ணாம் தேதி வரைக்கும் எவனுக்கும் லீவு கிடையாது. இல்லன்னா நேர்ல வந்து கத்தியிருப்பேன்.

வெயிட் மட்டும் மெசேஜ் பண்ணு. வேற எதுவும் வேணாம்.

திவாகர்


மலாக்கா
9 ஆகஸ்ட் 2025

அண்ணா,

மன்னித்துக்கொள். கட்டுரை இல்லாமல் எழுதினால் இவ்வளவுதான் வருகிறது. உன்னைக் கேட்காமல் செய்தது தப்பு. செய்த காரியம் தப்பில்லை என்று இன்னும் நினைக்கிறேன், ஆனால் அதையும் இதையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டேன்.

எடை உனக்கு அனுப்பினேன். நாற்பத்தாறு புள்ளி எட்டு. ஒரு வாரத்தில் அரைக் கிலோ. உன் பக்கம்தான் பலமாகிறது என்று எனக்கே தோன்றியது, மறைக்கவில்லை. இன்னும் நானூறு கிராம்தான் மிச்சம். திங்கட்கிழமை மறுபடி எடை பார்க்கிறேன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அடுப்பைப் பற்றி நீ எழுதியது முழுக்கச் சரி. வந்த முதல் வாரம் நடந்தது அதுதான். நான் நூலகத்திலிருந்து திரும்பி வந்தால் நான்கு பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்கும், தரை ஈரமாக இருக்கும், எனக்கு வேறு சாம்பார் வைத்திருப்பார். தபாலுக்கு முன்பே நீ கடிதத்தைப் படமெடுத்துப் போனில் அனுப்பிய அன்றே அம்மாவிடம் அதைப் படித்துக் காட்டினேன். முழுவதையும். ஏ.டி.எம். வந்த இடத்தில் அம்மா என்னைப் பார்த்த பார்வையை உனக்கு அனுப்ப முடியவில்லை.

அன்று சாயந்திரமே ஓர் ஏற்பாடு செய்தோம். விடுப்பில் மிச்சம் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். அடுப்புப் பக்கம் ஒரு நாற்காலி போட்டோம். அம்மா அதில் உட்கார வேண்டும், கையில் கரண்டி வைத்துக்கொள்ளலாம், எழுந்திருக்கக் கூடாது. நான் சமைப்பேன். அம்மா கரண்டியால் மேசையில் தட்டுவார். ஒரு தட்டு, தீயைக் குறை. இரண்டு தட்டு, கிண்டு. தட்டிக்கொண்டே இருந்தால் நான் ஏதோ பெரிய தப்பு செய்கிறேன் என்று அர்த்தம். உளுந்தங்கஞ்சி வைத்த அன்று பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்க்கும் அளவுக்குத் தட்டினார். அம்மாவுக்கு வேலை செய்யத்தான் தெரியும், வேலை வாங்கத் தெரியாது என்று நினைத்திருந்தேன். வாழ்நாளெல்லாம் சூப்பர்வைசராக இருந்திருக்க வேண்டிய மனுஷி, அண்ணா. கேழ்வரகை எப்படி ஊற வைப்பது, எந்தத் துணியில் வடிகட்டுவது, டயட்டீஷியன் கொடுத்த மாவை எந்தச் சூட்டில் கலந்தால் கட்டி விழாது, எல்லாம் நாற்காலியிலிருந்தே நடக்கிறது. ஆடி மாதம் என்பதால் கேழ்வரகுக் கூழ் மட்டும் தினமும் உண்டு. “நமக்கு நேர்த்திக்கடன் மாதிரியும் ஆச்சு, மருந்து மாதிரியும் ஆச்சு” என்று எழுதினார்.

மூன்று நாளாக, எட்டு வேளையில் ஆறு வேளை முழுதாக இறங்குகிறது. ஹோட்டலில் அதிகபட்சம் இரண்டு.

பெல் அடித்தால் யார் வருவார்கள் என்று கேட்டாய். கீழே மணியம் என்று ஒருவர் இருக்கிறார், கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர். முன்பு செர்காமில் மீன் லாரி ஓட்டியவர். புதன்கிழமை துப்புரவு ஆட்கள் வரும் ஒரு மணி நேரம் அம்மா அறையில் இருக்க மாட்டார். அவர்கள் குனிந்து நிமிர்வதைப் பார்க்க வேண்டாம் என்று கீழே நீச்சல்குளத்துப் பக்கம் போய் உட்காருகிறார். மணியம் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து லாரிக் கதை சொல்வார். எதிரே பதில் பேச முடியாத ஆள் கிடைத்தால் அவருக்கு வேறென்ன வேண்டும்? “ஒங்கம்மா மாதிரி நல்லா பேசுறவங்கள நான் பார்த்ததில்ல தங்கச்சி” என்கிறார். அவர் எண்ணை அம்மாவின் போனில் முதல் எண்ணாக வைத்திருக்கிறேன். எதிர் வீட்டில் ஜொகூரிலிருந்து வந்த ஒரு சீனப் பெரியவர், அவரும் அதே மருத்துவமனைக்குத்தான் போகிறார். எங்கள் வராந்தாவில் பாதிப் பேர் ஏதோ ஒரு நோய்க்காக வந்து மாதக்கணக்கில் தங்குபவர்கள். காலை ஏழு மணிக்கு லிப்டில் யாரும் யாரையும் எங்கே போகிறீர்கள் என்று கேட்பதில்லை. எத்தனையாவது நாள் என்று விரலைக் காட்டிக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமை அம்மா இரண்டு கையையும் விரித்து, மூடி, மறுபடி விரித்து, அப்புறம் ஒரு கையைக் காட்டினார். இருபத்தைந்து. லிப்டே கைதட்டியது.

லாபியில் உன்னை இருபது நிமிடம் நிற்க வைத்த கதையைப் படித்தபோது அம்மா சிரித்து, புண் இழுத்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு நோட்டை மடியில் வைத்து இப்படி எழுதினார். அப்படியே நகல் எடுக்கிறேன்.

“ஜூலை ஆறாந்தேதி சாயந்திரம் திவா போன்ல பாத்துக்கிட்டே வர நான் முன்வாசல்ல நடந்தேன். மேல தொங்குற வெளக்கப் பாத்தேன். இருபத்திரண்டு வருசத்துல அத முன்னாலருந்து பாத்ததில்ல. அந்த நடைய அவன்தான் குடுத்தான். ஒரு தடவ போதும். தினமும் நடந்தா பழகிடும்னு அவன் நெனச்சான். பழகினா அப்புறம் என்னா இருக்கு.”

இதற்கு மேல் நான் எழுதினால் கட்டுரை ஆகிவிடும்.

தேவி


பிந்துலு
13.8.2025

தேவி,

திங்கட்கிழமை நாப்பத்தாறு புள்ளி எட்டுன்னு நீ மெசேஜ் போட்டப்ப நான் ஒரு பைப்புக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருந்தேன். குறையலன்னு பார்த்ததும் அப்படியே உக்காந்துட்டேன். பக்கத்துல இருந்த இபான் இனத்துப் பையன் நான் மயக்கம் போட்டுட்டேன்னு தண்ணி ஊத்திட்டான்.

ஒரு விஷயம் சொல்லணும். நான் இந்திராதேவி அக்காவுக்கு போன் பண்ணேன். ஹோட்டல்ல அம்மாகூட வேல செஞ்சாங்களே, இப்ப அவங்கதான் அங்க ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். நீ சொன்னது பொய்யின்னு காட்டத்தான் பண்ணேன், உண்மைய சொல்லிடறேன்.

அக்கா முதல்ல, “அம்மா நல்லா இருக்காங்களா, கஞ்சி இறங்குதா”ன்னே கேட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் விடல. அப்புறம்தான் எல்லாம் வந்துச்சு. அம்மா வந்த ரெண்டாவது நாளே ரூம் சுத்தமா இருக்குன்னு பிள்ளைங்க வந்து சொல்லியிருக்காங்க. சரி, அம்மா மருத்துவமனைக்குப் போற நேரத்துல, ஏழரைக்கே போய் ரூம முடிச்சிடுங்கன்னு அக்கா சொல்லியிருக்காங்க. அம்மா அத கண்டுபிடிச்சிட்டாங்க. மறுநாள்லருந்து கிளம்பறதுக்கு முன்னாலயே எழுந்து முடிச்சிட்டுப் போயிருக்காங்க. இவங்க டவல மாத்தி வச்சா, அம்மா அத திரும்ப மடிச்சு வாசல்ல வச்சு மேல “நன்றி, இன்னொரு நாள் தாங்கும்”னு சீட்டு எழுதி வச்சிருக்காங்க. ரெண்டு பக்கமும் போட்டி லா.

அப்புறம் அக்கா சொன்னது உனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா எழுதியிருப்ப. மூணாவது வாரம் ஒரு பிள்ளைக்கு காய்ச்சல், ஆள் பத்தல. நாலாவது மாடி ரூமெல்லாம் லேட். அம்மா மருத்துவமனையிலருந்து வந்து, வராந்தாவுல டிராலி அப்படியே நிக்கறத பார்த்திருக்காங்க. பக்கத்து ரூம் ஆளு காலி பண்ணிட்டுப் போயிட்டாரு, கதவு திறந்திருக்கு. அம்மா உள்ள போய் அந்த ரூமையும் முடிச்சிட்டாங்க. தேவி, காசு கட்டித் தங்கின ஆளு, கேன்சருக்கு கரண்ட் வச்சுட்டு வந்த ஆளு, பக்கத்து ரூமுக்கு பெட்ஷீட் போட்டிருக்காங்க. அந்தப் பிள்ளை வந்து பார்த்துட்டு அழுதுடுச்சாம். அம்மா அவ வாயில விரல வச்சு, யாருகிட்டயும் சொல்லாதன்னு காட்டினாங்களாம்.

நான் நம்ம அம்மாவ ரெஸ்ட் எடுக்க அனுப்பல. திரும்ப வேலைக்கு அனுப்பியிருக்கேன். அதுவும் சம்பளம் இல்லாம.

நீ வேற எடத்த தேடியிருக்க. நான் நட்சத்திரம் எத்தன இருக்குன்னு பார்த்தேன். நீ அம்மா எப்படிப்பட்ட ஆளுன்னு பார்த்த. அவ்வளவுதான் வித்தியாசம். அத நீ மூணு பக்கத்துல சொன்னப்ப எனக்கு ஏறல. இந்திராதேவி அக்கா ரெண்டு வரியில சொன்னதும் ஏறிடுச்சு. கோவிச்சுக்காத, நீ கொஞ்சம் நீட்டுற.

கரண்டி விஷயத்த பவானேஸ்வரிகிட்ட படிச்சுக் காட்டினேன். அவ இப்ப வீட்டுல என்னை தட்டுறா.

இருபத்தொண்ணுல ஷட்டவுன் முடியுது. பாஸ்கிட்ட பேசிட்டேன், ஒரு மாசம் லீவு. அவரு மூஞ்சி சரியில்ல, ஆனா கையெழுத்து போட்டுட்டாரு. இருபத்திநாலு ஞாயிறு பிளைட். கடைசி நாளுக்கு இருக்க முடியல, அது வலிக்குது. ஆனா நான் பழம் வாங்கிக்கிட்டு வந்து பார்த்துட்டுப் போற ஆளா வரல. உன் லீவெல்லாம் தீர்ந்து போயிருக்கும்னு தெரியும். என்ன செய்யணும்னு எழுது. நாங்க இங்க ஷிப்ட் மாத்தும்போது அடுத்த ஆளுக்கு எழுதிக் குடுப்போம், எந்த வால்வ் திறந்திருக்கு, எது மூடியிருக்கு, எதுல சத்தம் வருதுன்னு. அந்த மாதிரி எழுது. இப்ப நீட்டலாம்.

அண்ணன்


மலாக்கா
20 ஆகஸ்ட் 2025, புதன்

அண்ணா,

முடிந்தது. முப்பத்து மூன்று நாள், ஒரு நாள்கூட விடாமல். எடை நாற்பத்தாறு புள்ளி ஒன்பது. முதல் நாள் போட்ட அதே முகமூடியைத்தான் இன்று காலையும் பூட்டினார்கள். கழற்றிய பிறகு அங்கே வேலை செய்யும் மலாய் அக்கா, வேண்டுமானால் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றார். அம்மா அதைக் கையில் வாங்கி, தன் மூக்கையும் தாடையையும் வெளியிலிருந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “எடத்த அடைக்கும்” என்று எழுதினார். அந்த அக்காவுக்கு நான் மொழிபெயர்த்தேன். அவர் அம்மாவைக் கட்டிக்கொண்டார்.

டாக்டர் சொன்னதையும் மறைக்காமல் எழுதுகிறேன். கதிர் நின்றாலும் புண் நிற்காது. இன்னும் இரண்டு வாரம் இதைவிட மோசமாக இருக்கும், பிறகுதான் இறங்கும். ஆகவே இப்போது சிம்பாங் அம்பாட்டுக்குத் திரும்ப முடியாது. இங்கேயே இன்னும் ஒரு மாதம் இருப்பது என்று அம்மா முடிவு செய்துவிட்டார். நான் செய்யவில்லை. நேற்று அம்மாவே கீழே போய் மணியம் அண்ணனிடம் சீட்டு நீட்டினார்: “செப்டம்பர் 20 வரை. மகன் வருகிறான்.”

பக்கத்து அறை விஷயம் எனக்குத் தெரியாதுதான். அம்மாவிடம் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விட்டுவிட்டேன். இந்த ஆறு வாரத்தில் அம்மாவைப் பற்றி நான் தெரிந்துகொண்டது, இருபத்தொன்பது வருடத்தில் தெரிந்துகொண்டதைவிட அதிகம் என்று நினைத்திருந்தேன். உன் ஒரு கடிதத்தில் இன்னும் ஒரு அம்மா வந்துவிட்டார்.

நீ கேட்டபடி எழுதுகிறேன்.

மருந்துகள் மேசையில் வரிசையாக இருக்கின்றன, மேலே நேரம் ஒட்டியிருக்கிறேன். வலி மருந்தை சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே கொடு; வலி வந்த பிறகு கொடுத்தால் அந்த வேளை போய்விடும். காலையில் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும், அம்மா அதை ஏமாற்றுவார், குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நிற்பார். சத்தத்தைக் கேட்டு நம்பாதே.

காய்கறிக்கும் முட்டைக்கும் பாசார் சந்தைக்குக் காலை ஏழு மணிக்குள் போ. மீன் வாங்காதே, நாற்றம் அம்மாவுக்கு ஆகவில்லை. உனக்கு மீன் வேண்டுமென்றால் வெளியே சாப்பிடு. கூடத்து சோபாவை இழுத்தால் கட்டில் ஆகும், வலது பக்கக் கால் கொஞ்சம் ஆடுகிறது, மணியம் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், அவர் அதைப் பற்றி ஒரு கதை சொன்னார், சரி செய்யவில்லை. நீ பைப்பெல்லாம் கழற்றுகிறவன், பார்த்துக்கொள்.

கழுத்துத் தோல் கறுத்து உரிந்திருக்கும். பார்த்ததும் முகத்தைக் காட்டாதே. முதல் தடவை நான் காட்டிவிட்டேன். இரண்டு நாள் அம்மா கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு இருந்தார்.

வியாழக்கிழமைகளில் டாக்டர். சீனப் பெரியவர் காரில் சேர்ந்து போகலாம், அவரே கேட்டார்.

சாயந்திரம் ஐந்து மணிக்கு மேல் அம்மா பால்கனியில் உட்காருவார். யாரும் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. முதலில் நான் போய் உட்கார்ந்து ஏதாவது படித்துக் காட்டுவேன். பிறகுதான் புரிந்தது, அந்த ஒரு மணி நேரம் அம்மாவுக்குத் தனியாக வேண்டும். எனக்கும் அப்படித்தான். யாரிடமிருந்து வந்தது என்று இத்தனை நாள் தெரியாமல் இருந்தேன்.

திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்புகிறேன், தெங்கேரா அறைக்கும். மாலையில் வந்து பார்ப்பேன். விமான நிலையத்திலிருந்து நேராக வந்துவிடு, சாவி மணியம் அண்ணனிடம் இருக்கும். முதல் வேளைக் கஞ்சியை நீயே வை. கெட்டியாக இருக்கிறதா, உப்பு எவ்வளவு, அம்மா போதும் என்றால் நிறுத்துவதா, இன்னொரு கரண்டி என்று கெஞ்சுவதா, எல்லாம் அங்கே நின்று நீ பார்த்து முடிவு செய்ய வேண்டியவை. என்னைக் கேட்க வேண்டாம்.

தேவி